கண்ணாடி விரியன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வயல்வெளிகளில் கடித்து உயிரைப் பறிக்கும் பாம்புகளில் கண்ணாடி விரியனே முதன்மையானது. ஆனாலும் இதை நேரில் பார்த்து இன்ன பாம்பு என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. இதன் உருவம், வாழ்விடம், பழக்கங்கள், கடித்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றைப் பற்றிப் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

கண்ணாடி விரியன் எந்த வகையைச் சேர்ந்த பாம்பு?

இது விரியன் குடும்பத்தைச் சேர்ந்த நச்சுப்பாம்பு. அறிவியல் பெயர் டபோயா ரஸ்ஸெலி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளை விவரித்து 1796இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இந்தப் பாம்பின் படமும் அதன் நஞ்சைக் கோழிகளிலும் நாய்களிலும் சோதித்த விவரமும் உண்டு. அடுத்த ஆண்டே இந்த இனத்துக்கு அவர் பெயரை ஒட்டி அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பக்கம் இதைப் புடையன் என்பார்கள்.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் உடலின் பருமனைப் பாருங்கள். வளர்ந்த கண்ணாடி விரியன் சராசரியாக நான்கு அடி நீளம் இருக்கும். ஐந்தரை அடி வரை வளர்ந்தவையும் பதிவாகியுள்ளன. சாரைப்பாம்பையோ நல்லபாம்பையோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இந்த நீளத்துக்கு இவ்வளவு தடிப்பா என்று தோன்றும். நடு உடல் பருத்தும், கழுத்து ஒடுங்கியும், வால் குட்டையாகவும் இருக்கும்.

அடுத்தது முதுகுக் குறி. மஞ்சள் கலந்த பழுப்பு அல்லது மண் நிற உடலில், தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை மூன்று வரிசைகளில் நீள்வட்டப் புள்ளிகள் ஓடும். முதுகின் நடுவில் ஒரு வரிசை, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று. ஒவ்வொரு புள்ளியின் உட்புறமும் அடர்பழுப்பு. அதைச் சுற்றிக் கருவளையம். அந்த வளையத்தின் வெளி விளிம்பில் மெல்லிய வெண்கோடு அல்லது மஞ்சள் கோடு. நடு வரிசைப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டபடி இருப்பதால், தொலைவிலிருந்து பார்க்கும்போது முதுகில் ஒரே தொடர் ஓடுவதாகத் தெரியும். பக்கவாட்டுப் புள்ளிகள் சில பாம்புகளில் அரைகுறையாகவோ சிதைந்தோ இருக்கலாம். நடு வரிசை மட்டும் ஏறக்குறைய எப்போதும் தெளிவாக இருக்கும்.

தலை தட்டையாக, முக்கோண வடிவில், கழுத்திலிருந்து தனியாகத் தெரியும். தலையின் மேல் இரண்டு வெளிர்க்கோடுகள் மூக்கின் நுனியில் சேர்ந்து, கண்களுக்கு மேலாகப் பின்னோக்கி விரிந்து செல்லும். மூக்குத் துளைகள் மிகப் பெரியவை. கண்மணி செங்குத்தான கீற்றாக இருக்கும். நல்லபாம்பின் தலையில் காணப்படும் பெரிய வழவழப்பான தகடுகள் இதற்கு இல்லை. தலை முழுவதும் சிறு செதில்களே. உடல் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் மேடான ஒரு கோடு உண்டு. அதனால் இதன் உடல் பளபளக்காது, சொரசொரப்பாக, மங்கலாகத் தெரியும். தோல் உரித்த மறுநாள்கூட, சாரையிடம் காணும் மினுமினுப்பை இதில் பார்க்க முடியாது.

இதை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துவிடுகிறார்களே, ஏன்?

இரண்டுமே பருமனானவை, மெதுவாக நகர்பவை, பழுப்புத் திட்டுகள் கொண்டவை. அதுவே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். மலைப்பாம்புதானே, அதற்கு நஞ்சில்லையே என்ற துணிச்சலில் தூக்குபவர்கள் கடிபடுகிறார்கள். தடித்த மண்ணுளிப் பாம்பையும் இதையும் மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. அதன் முதுகிலும் அடர்பழுப்புத் திட்டுகள் வரிசையாக இருக்கும்.

வேறுபாடு இதுதான். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை. ஒன்றைப்போல் ஒன்று இராது. அதன் தோல் வழவழப்பாக மின்னும். மண்ணுளியின் திட்டுகள் கரடுமுரடான விளிம்புடன் ஒன்றோடொன்று கலந்து வளைந்து செல்லும். அதன் தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது. கண் மிகச் சிறியது. கண்ணாடி விரியனின் புள்ளிகளோ வெண்விளிம்பு கட்டிய ஒழுங்கான நீள்வட்டங்கள். இவ்வளவு தெரிந்த பிறகும், படத்தில் பார்த்துப் பிரித்தறிவது வேறு, மாலை மங்கலில் சருகுக்குள் கிடப்பதைப் பிரித்தறிவது வேறு. சந்தேகம் இருந்தால் விரியன் என்றே கொள்ளுங்கள். மலைப்பாம்பாகவே இருந்தாலும் அதைக் கையில் எடுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

கட்டு விரியன், சுருட்டை விரியன் எல்லாம் இதன் வகைகளா?

கட்டு விரியன் பெயரில் மட்டுமே விரியன். அது நல்லபாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கரிய உடலில் மெல்லிய வெண்பட்டைகள் கொண்ட அந்தப் பாம்பின் கடி பெரும்பாலும் வலிக்காது, நரம்புகளைத் தாக்கும். சுருட்டை விரியன் உண்மையான விரியன்தான். ஆனால் உருவில் மிகச் சிறியது. ஒன்று அல்லது ஒன்றரை அடிதான் இருக்கும். அச்சுறுத்தப்பட்டால் உடலைச் சுருட்டிச் செதில்களை ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்பும். நல்லபாம்பு, கட்டு விரியன், சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவத் துறையில் நாற்பெரும் பாம்புகள் என்கிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதி இவற்றாலேயே நேர்கிறது.

இது எங்கெல்லாம் வாழ்கிறது?

இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளில் வாழ்கிறது. மியான்மர், தாய்லாந்து முதல் தைவான், இந்தோனேசியத் தீவுகள் வரை உள்ள இதன் நெருங்கிய உறவினத்தை முன்பு இதனோடு சேர்த்தே எண்ணினார்கள். 2007இல் அது தனி இனமாகப் பிரிக்கப்பட்டது.

அடர்ந்த மழைக்காடும் சதுப்பு நிலமும் இதற்கு ஒவ்வாதவை. திறந்த புல்வெளி, புதர்க்காடு, தரிசு, தோப்பு, வயலோரம் ஆகியவையே இதன் இடம். சமவெளியிலும் கடலோரத்திலும் மிகுதி. மலைகளில் ஓரளவு உயரம் வரையிலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் வயல்களையும் முட்புதர்களையும் இதன் நல்ல வாழ்விடங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். வேலிக்காத்தான் மண்டிய ஏரிக்கரை, தாழம்புதர், கள்ளிவேலி, கரையான் புற்று, எலி வளை, கற்குவியல், உதிர்ந்த இலைகள் நிறைந்த தோப்பின் அடிப்பகுதி என்று மறைவும் நிழலும் உள்ள எந்த இடமும் இதற்குப் போதும்.

காட்டில் இருக்க வேண்டிய பாம்பு வயலுக்கும் வீட்டருகுக்கும் ஏன் வருகிறது?

காட்டுப்பாம்பு என்று இதை நினைப்பதிலேயே பிழை தொடங்குகிறது. நெல் விளையும் இடத்தில் எலி பெருகும். எலி பெருகும் இடத்தில் இந்தப் பாம்பு நிலைக்கும். நாம் உழுது பயிரிடும் நிலம் இதற்கு வந்து போகும் இடமல்ல, குடியிருப்பு. வைக்கோல் போர், விறகுக் குவியல், அடுக்கிய செங்கல், வீட்டுக் கொல்லையில் கொட்டிய குப்பை ஆகியவை எலிக்கும் ஒதுக்கிடம், இதற்கும் ஒதுக்கிடம். புதிதாக மனைப்பிரிவு போட்ட புறநகர்ப் பகுதிகளில் இது அடிக்கடி தென்படுவதன் காரணமும் இதுவே: நேற்று வரை வயலாகவும் தரிசாகவும் இருந்த நிலத்தில் வீடுகள் எழும்பியிருக்கின்றன, எலிகளுக்குக் குறைவில்லை.

எந்த நேரத்தில் நடமாடும்?

பெரும்பாலும் இரவில். பொழுது சாய்ந்ததும் வெளிவந்து இரை தேடும். பகலில் புதரடியிலோ வளையிலோ சருகுக்குள்ளோ படுத்திருக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் இந்த ஒழுங்கு மாறும். அப்போது காலை வெயிலில் வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் உடலைச் சூடேற்றிக்கொண்டு கிடப்பதைக் காணலாம். இணைசேரும் பருவமும் ஆண்டின் தொடக்கத்தில் வருவதால், குளிர்கால மாதங்களில் இது கண்ணில் படுவது கூடுகிறது.

இதன் உணவு என்ன?

வளர்ந்தவற்றுக்கு எலிதான் முதன்மை உணவு. ஓணான், அரணை, தவளை, சிறு பறவை போன்றவையும் உண்டு. குட்டிகள் பெரும்பாலும் பல்லி இனங்களைத் தின்னும். ஒன்றையொன்று தின்பதும் உண்டு. இரையைத் துரத்திப் பிடிப்பது இதன் முறையன்று. எலி போகும் தடத்தின் ஓரத்தில் மணிக்கணக்கில் அசையாமல் கிடந்து, எட்டும் தொலைவுக்குள் வந்ததும் ஒரே பாய்ச்சலில் கடித்து விட்டுவிடும். நஞ்சேறிய எலி சிறிது தூரம் ஓடி விழும். விரியன் நாக்கை நீட்டி நீட்டி வாசனையைத் தொடர்ந்து அதனிடம் போய்ச் சேரும்.

மனிதரைத் துரத்தி வந்து கடிக்குமா?

துரத்தாது. பருத்த உடலுடைய இந்தப் பாம்பு, வயிற்றுச் செதில்களால் தரையைப் பற்றி நேர்கோட்டில் மெல்ல ஊர்வதையே வழக்கமாகக் கொண்டது. ஆள் வரும் அதிர்வை உணர்ந்ததும் சாரைப்பாம்பு விருட்டென்று ஓடிவிடும். நல்லபாம்பும் வழி கிடைத்தால் விலகிவிடும். கண்ணாடி விரியன் ஓடுவதில்லை. தன் நிறத்தை நம்பி அப்படியே கிடக்கும். இதனிடம் நாம் அஞ்ச வேண்டியது இந்த அசையாமையைத்தான்.

ஒரு மாந்தோப்பின் அடியில், காய்ந்த இலைகளுக்கு நடுவே கிடக்கும் விரியனை ஒருவர் விரல் நீட்டிக் காட்டினாலும் சட்டென்று கண்ணுக்குப் பிடிபடாது. பழுப்பு இலை, அதன் கீழ் நிழல், இலை நுனியில் விழுந்த வெயில் ஆகிய மூன்றுக்கும் பொருந்திய மூன்று நிறங்கள் அதன் முதுகிலேயே இருக்கின்றன. நெடுநேரம் உற்றுப் பார்த்த பிறகு ஒரு புள்ளியின் வெண்விளிம்பு முதலில் புலப்படும். அதைத் தொடர்ந்துதான் உடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியவரும். புல்லறுக்கக் குனிபவருக்கோ, இருட்டில் மடையைத் திறக்கப் போகிறவருக்கோ அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

தொந்தரவு அளவு மீறினால் இது எச்சரிக்கும். உடலை ஊதிப் பெருக்கி, முன்பகுதியை வளைத்து உயர்த்தி, நீண்டு ஒலிக்கும் சீற்றத்தை எழுப்பும். பிரஷர் குக்கர் ஆவி விடுவதைப் போன்ற அந்த ஒலி பல அடி தொலைவுக்குக் கேட்கும். அதைக் கேட்டதும் நின்று, ஒலி வரும் திசையை அறிந்து, வந்த வழியே மெல்லப் பின்வாங்குவதே சரி. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் நெருங்கினால், அதுவரை மந்தமாகக் கிடந்த பாம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும். பாயும் வேகத்தில் அதன் உடலின் பெரும்பகுதி தரையை விட்டு எழுவதும் உண்டு. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: எல்லாச் சமயத்திலும் அது சீறுவதில்லை. நேராக மேலே மிதித்துவிட்டால் எச்சரிக்கை இன்றியே கடி விழும்.

முட்டையிடுமா, குட்டி போடுமா?

குட்டி போடும். முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே வளர்ந்து, முழு வளர்ச்சி பெற்ற குட்டிகளாக வெளிவருகின்றன. சினைக்காலம் ஆறு மாதத்துக்கு மேல். மே முதல் நவம்பர் வரை குட்டிகள் பிறக்கலாம். ஜூன், ஜூலையில் மிகுதி. ஓர் ஈற்றில் இருபது முதல் நாற்பது குட்டிகள் இயல்பு. அறுபதைத் தாண்டிய பதிவும் உண்டு. பிறக்கும்போது குட்டி முக்கால் அடிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். தாய் குட்டிகளைப் பேணுவதில்லை. பிறந்த குட்டிகள் அப்போதே தனித்தனியாகப் பிரிந்து செல்லும். அவற்றில் பெரும்பாலானவை மயில், கீரி, பருந்து, பிற பாம்புகள் ஆகியவற்றுக்கு இரையாகும். ஒரு வீட்டின் சுற்றில் ஒரே வாரத்தில் சில குட்டிகள் தென்பட்டால் அதை யாருடைய செய்வினையாகவும் எண்ண வேண்டாம். அருகில் எங்கோ ஒரு தாய்ப்பாம்பு ஈன்றிருக்கிறது, அவ்வளவே.

குட்டிக்கு நஞ்சு உண்டா?

பிறந்த நொடியிலிருந்தே உண்டு, நச்சுப்பல்லும் உண்டு. சிறியது என்று எண்ணிச் செருப்புக் காலால் தள்ளிவிடுவது ஆபத்தானது. குட்டி கடித்தாலும் பெரிய பாம்பு கடித்ததாகவே கருதி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதன் நஞ்சு உடலில் என்ன செய்கிறது?

நச்சுப்பற்கள் ஒன்றரைச் சென்டிமீட்டர் வரை நீளமானவை. வாய் மூடியிருக்கும்போது மேலண்ணத்தை ஒட்டி மடிந்திருக்கும், கடிக்கும்போது நிமிரும். அவற்றின் வழியே ஆழமாகவும் மிகுந்த அளவிலும் நஞ்சு இறங்குகிறது.

இந்த நஞ்சின் வேலை முதன்மையாக இரத்தத்தில் நடக்கிறது. காயம் பட்டால் இரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் நம் உடலில் உள்ளன அல்லவா? அவற்றில் ஐந்தாம், பத்தாம் காரணிகளை இந்த நஞ்சு நேரடியாகத் தூண்டிவிடுகிறது. அதனால் இரத்தக் குழாய்களுக்குள் தேவையில்லாத இடங்களிலெல்லாம் நுண்ணிய உறைவுகள் உண்டாகி, உறைவுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜென் என்னும் புரதம் வேகமாகத் தீர்ந்துபோகிறது. தீர்ந்த பிறகு உறைய வேண்டிய இடத்திலும் இரத்தம் உறையாது. கடிவாயிலிருந்து நிற்காமல் கசியும், பல் ஈறுகளில் இரத்தம் வரும், சிறுநீர் சிவக்கும், மூளைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நஞ்சில் உள்ள வேறு நொதிகள் இரத்தக் குழாய்களின் சுவரையும் கடிபட்ட இடத்தின் தசையையும் சிதைக்கின்றன.

வெளியே தெரிவது என்ன? கடித்த உடனேயே கடுமையான வலி. சிறிது நேரத்தில் வீக்கம் தொடங்கி மேல்நோக்கிப் பரவும், கொப்புளங்கள் தோன்றலாம். வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை தொடரும். பிழைத்தவர்களையும் விடாத பாதிப்பு சிறுநீரகத்துக்கு நேர்வது. நுண்ணிய உறைவுகள், குறைந்த இரத்த அழுத்தம், சிதைந்த அணுக்களின் கழிவு, நஞ்சின் நேரடித் தாக்கம் எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிவிடுவதால், கடிபட்டவருக்கு நாள்கணக்கில் டயாலிசிஸ் தேவைப்படக்கூடும். சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பி பழுதடைந்து, மாதங்கள் கழித்துச் சோர்வும் மாதவிடாய்க் கோளாறும் தலைகாட்டுகின்றன. பாம்புக்கடியையும் இந்தச் சோர்வையும் பலர் தொடர்புபடுத்திப் பார்ப்பதே இல்லை. எனவே வீடு திரும்பிய பிறகும் மருத்துவர் குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்வது கட்டாயம்.

எல்லா ஊரிலும் இதன் நஞ்சு ஒரே மாதிரியா?

இல்லை. இலங்கையிலும் தென்னிந்தியாவின் சில பகுதிகளிலும் இது கடித்தவர்களுக்குக் கண்ணிமை சரிதல், பார்வை இரட்டையாகத் தெரிதல் போன்ற நரம்பு அறிகுறிகளும் தோன்றுகின்றன; வேறு பகுதிகளில் அவை அரிது. ஒரே இனத்தின் நஞ்சு இடத்துக்கு இடம், குட்டிக்கும் வளர்ந்ததற்கும் இடையேகூட மாறுபடுவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு ஆராய்ந்து வருகிறது. ஒரு வட்டாரத்தின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து இன்னொரு வட்டாரத்தில் அதே அளவு பயன் தராமல் போகலாம் என்பதால், இது வெறும் ஆய்வகச் செய்தியன்று. நோயாளியின் படுக்கை வரை வந்து சேரும் சிக்கல்.

கடித்தால் உடனே செய்ய வேண்டியது என்ன?

பாம்பிடமிருந்து விலகுங்கள். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாமல் உட்காரவையுங்கள் அல்லது படுக்கவையுங்கள். மோதிரம், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம், இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்தால் செய்வதுபோலக் கடிபட்ட காலுக்கோ கைக்கோ ஒரு மட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி அசையாமல் வையுங்கள். 108ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கும் வண்டியில் புறப்படுங்கள். இருசக்கர வண்டியானால் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

பாம்பைப் பிடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. அதைத் தேடிப்போய் இரண்டாவது ஆள் கடிபட்ட துயரங்கள் நடந்திருக்கின்றன. பாதுகாப்பான தொலைவிலிருந்து கைப்பேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் அறிகுறிகளைக் கொண்டே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க முடியும்.

இறுக்கிக் கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது, விஷக்கல் வைப்பது ஆகியவை பலன் தருமா?

எதுவும் தராது, தீமையே செய்யும். கயிற்றால் இறுக்கிக் கட்டினால், தசையைச் சிதைக்கும் நஞ்சு ஓரிடத்திலேயே தேங்கி, இரத்த ஓட்டமும் தடைபட்டு, காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்த்துவிடவும் கூடாது. தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பரவக்கூடும். மருத்துவமனையில், மருத்துவர் முன்னிலையில்தான் அதை அவிழ்க்க வேண்டும். பிளேடால் கீறுவதோ, இரத்தம் உறையாத நிலையில் இருப்பவருக்கு நாமே நிற்காத காயத்தை உண்டாக்குவதாகும். வாயால் உறிஞ்சுவதும் பயனற்றது.

விஷக்கல் வைத்ததால் பிழைத்தவர் என்று ஊரில் ஒருவரைக் காட்டுவார்கள். பல்பட்டும் நஞ்சு இறங்காத கடிகள் உண்டு. நஞ்சில்லாத பாம்பின் கடிகளும் உண்டு. அந்தக் கடிகளில் கல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஆள் பிழைப்பார். அந்தப் புகழை நம்பி, உண்மையில் நஞ்சேறியவர் கல்லடியில் இழக்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான் அவருடைய சிறுநீரகத்தின் விலை, பல வேளைகளில் உயிரின் விலை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் ஓர் எளிய சோதனை. கடிபட்டவரின் சிரையிலிருந்து சிறிதளவு இரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு குழாயைச் சாய்ப்பார்கள். உறைந்த இரத்தம் அப்படியே நிற்கும்; உறையாத இரத்தம் வழிந்து ஓடும். வழிந்தால் நஞ்சு இரத்தத்தைத் தாக்கிவிட்டது என்று பொருள். மின்சாரமும் கருவியும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

அடுத்து நச்சுமுறி மருந்து சிரை வழியே ஏற்றப்படும். பொதுவாகப் பத்துக் குப்பிகளில் தொடங்குவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனென்றால் நோயாளியின் எடைக்கு ஏற்ப அல்ல, பாம்பு செலுத்திய நஞ்சுக்கு ஏற்பவே மருந்து தேவை. ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய்ச் சோதனை. இரத்தம் இன்னும் உறையாவிட்டால் மீண்டும் மருந்து. இந்த மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, நோயாளியைக் கண்காணித்தபடியே இதைச் செலுத்த வேண்டும். வீட்டில் வாங்கி வைத்துப் போட்டுக்கொள்ளும் ஊசி அன்று.

நச்சுமுறி மருந்து எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கான விடையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்து இந்த மருந்து செய்யப்படுகிறது. நாற்பெரும் பாம்புகள் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பல ஆண்டுகளாகச் சென்றுகொண்டிருக்கிறது.

இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. பாம்பியலாளர் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இந்தச் சங்கம் உருவானது. பிடித்துவரும் பாம்புகளைத் துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருந்து, இடைவெளிவிட்டு நான்கு முறை நஞ்செடுத்த பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் இடுவதும் வழக்கம். சருகில் படிந்த தடத்தையும் வளைவாயில் ஒட்டிய செதிலையும் பார்த்து உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லும் அறிவு இவர்களுடையது. இந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்தேறிப் பிழைத்தவர்களில் மிகப் பலர், பெயர் தெரியாத ஓர் இருளருக்குக் கடன்பட்டவர்கள்.

நாட்டில் எவ்வளவு பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள்?

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருப்பதாக 2020இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நேர்ந்தவை. இன்ன பாம்பு என்று தெரிந்த கடிகளில் கண்ணாடி விரியனின் பங்கே மிகுதி. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து உழைப்பாளிகள் என்பதால், இந்த எண்ணிக்கை நெடுங்காலம் யாருடைய கவனத்துக்கும் வராமல் கிடந்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கே கடி மிகுதி என்று தெரிந்தால்தான் அங்கே மருந்தை இருப்பில் வைக்க முடியும். தாமதமாக வந்தாலும் மிகத் தேவையான நடவடிக்கை இது.

வயலில் வேலை செய்வோர் எப்படித் தற்காத்துக்கொள்வது?

கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் கையிலும் விழுகின்றன. எனவே முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் கம்பூட்ஸ் பெரும்பான்மையான கடிகளைத் தடுத்துவிடும். சேற்றில் அதை அணிந்து நடவு செய்ய முடியாது என்பது உண்மை. அறுவடை, களையெடுப்பு, புல்லறுப்பு, இரவில் தண்ணீர் பாய்ச்சுதல் ஆகிய வேலைகளுக்காவது அணியலாம். இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் இறங்கவே கூடாது. கொல்லைப்புறத்துக்குப் போவதற்கும் இது பொருந்தும். நீண்ட கழியால் முன்னே தட்டிக்கொண்டு நடங்கள். வைக்கோலையும் விறகையும் வெறுங்கையால் அள்ளுவதற்கு முன் கழியால் கலைத்துப் பாருங்கள். எலி வளைக்குள்ளும் கல்லிடுக்கிலும் கையை விடாதீர்கள். கதிரறுக்கும் நாள்களில் வயலின் நடுவே மிஞ்சி நிற்கும் கடைசிப் பாத்தியில் கூடுதல் கவனம் வேண்டும். அறுக்க அறுக்க ஒதுங்கிய எலியும் பாம்பும் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும்.

வீட்டுக்குள்ளோ தோட்டத்திலோ வந்துவிட்டால் அடித்துக் கொல்லலாமா?

வேண்டாம். இது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிரினம். அதோடு, அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அப்புறப்படுத்திவிட்டு, பாம்பைக் கண்ணில் வைத்தபடி தொலைவில் நின்று, தீயணைப்பு மீட்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள். ஓடாமல் கிடக்கும் இதன் இயல்பு இந்த ஒரு சமயத்தில் நமக்கு உதவும். சீண்டாமல் விட்டால், ஆள் வரும்வரை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அது அகற்றப்பட்ட பிறகு வீட்டைச் சுற்றியுள்ள விறகையும் செங்கலையும் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள், எலி வளைகளை அடையுங்கள், கோழித் தீவனமும் தானியமும் இரவில் வெளியே சிந்திக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூண்டுக் கரைசல், பினாயில், கயிற்று வட்டம் போன்றவை எந்தப் பாம்பையும் தடுப்பதில்லை. அவற்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு நல்ல டார்ச் வாங்கலாம்.